வீடியோ விளையாட்டுக்கு ஒரு சிறு பொருட்காட்சி

1958-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆராய்ச்சிக் கூடம் வழக்கம் போலப் பொதுமக்களைப் பார்வையிட அழைத்தது. தொடவும் இயலாத கருவிகளையும் படங்களையும் கண்டு மக்கள் சலிப்புறுவதை அறிந்த வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலாளர், ஆசிலாஸ்கோப் ஒன்றின் 5 அங்குலத் திரையில் டென்னிஸ் ஆடும்படி ஓர் அமைப்பைச் செய்து வைத்தார். குமிழைத் திருப்பினால் பந்து செல்லும் கோணம் மாறும். பொத்தானை அழுத்தினால் பந்து வலையைத் தாண்டும். அவ்வளவே. அதனை ஆடிப் பார்க்க நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். வீடியோ விளையாட்டின் வரலாற்றில் முன்வரிசையில் வைத்துப் பேசப்படும் இவ்வாட்டம் விற்பனைக்காக அன்று, ஒரு பொருட்காட்சிக்காகவே பிறந்தது.

இன்று தனியொருவரோ, நாலைந்து நண்பர்களோ சேர்ந்தே இத்தகைய விளையாட்டை ஆக்கிவிட இயலும். கோடோ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. டொரண்டோ நகரில் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையைக் களமாகக் கொண்டது. இட்டலித் தட்டுக்களை அடுக்குவதும் அதில் ஒரு புதிர்! 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் சத்தியமங்கலத்திலோ கோபியிலோ ஒரு மாணவியோ மாணவனோ கண்விழித்து ஆக்கும் விளையாட்டை ஆடிப் பார்ப்பவர் யார்? பெற்றோர் கண்ணுக்கு அது பொழுதுபோக்கு. தோழர்களோ பெரிய நிறுவனங்களின் ஆட்டங்களையே அறிவர். அயலார் கை படாத விளையாட்டின் குறை, ஆக்கியவருக்கு ஒருபோதும் தெரியாது. ஆகவே பொருட்காட்சியை நாமே நடத்த வேண்டும்.

ஒரு வகுப்பறை போதும். திரைகள் ஜன்னலை நோக்கியிருத்தல் ஆகாது; வெளிச்சம் பட்டு உருவம் மங்கும். மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து 200 வாட் கொள்வதாக வைத்துக்கொள்வோம். எட்டுக் கணினிகளுக்கு 1,600 வாட். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 7 ஆம்பியர். சுவரிலுள்ள சிறிய பிளக்கோ 6 ஆம்பியருக்கு மேல் தாங்காது. எட்டையும் ஒரே பிளக்கில் கோத்தால் வயர் சூடேறும். எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, இணைப்புக்களைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். மடிக்கணினிகளாயின் கவலை குறைவு. மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் ஆட்டம் நிற்காது. இணையத்தை நம்பாமல் விளையாட்டு கணினியிலேயே இருக்கட்டும். பென்டிரைவில் ஒரு நகலும் வேண்டும்.

ஆளுக்கு 5 நிமிடம் என்றால், எட்டுக் கணினிகளில் மணிக்கு 96 பேர் ஆடலாம். நீண்ட விளையாட்டாயின் சுவையான ஒரு பகுதியை மட்டும் காட்டுங்கள்.

எல்லாவற்றினும் கடினமானது ஒன்றுண்டு. ஆக்கியவர் அருகில் நின்று, வாய் திறவாதிருக்க வேண்டும். சிறுவன் ஒருவன் வழி தெரியாது தடுமாறும்போது, "இதை அழுத்து" என்று சொல்லத் துடிக்கும். (ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இந்நோய் உண்டு.) சொல்லிவிட்டால், தடுமாறிய இடம் மறைந்துவிடும். சொல்லாமல், எந்த இடத்தில் கை நின்றது, எங்கே முகம் மலர்ந்தது என்று நோட்டில் குறியுங்கள். ஹிகின்பாதமும் 1959-இல் பெரிய திரை வைத்து, சந்திரனின் ஈர்ப்பில் பந்து எவ்வாறு செல்லும் என்பதையும் சேர்த்தார்.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பரிசு வந்தால் நடுவர் வருவார். ஆக்கியவரின் கண் ஆடுபவரின் கையை விட்டு நடுவரின் முகத்திற்குப் போய்விடும்.