நடை தளர்வதெல்லாம் முதுமையாலோ?

முன்பு கோயில் வீதியை மும்முறை சுற்றி வந்த முதியவர், இப்போது முற்றத்தைக் கடப்பதற்கே சுவரைப் பிடிக்கின்றார். "வயது போனால் இப்படித்தான்" என்று வீட்டார் அமைதி கொள்கின்றனர். இவ்வாறு விடப்படுவோருட் சிலர், முதுமையினாலன்றிச் சிகிச்சையுள்ள ஒரு நோயினாலேயே வருந்துகின்றனர் என்பதைப் பலர் அறியார்.

மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்து தெளிந்த பாய்பொருள் ஒன்று உண்டு. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் சுரக்கும்; சுரந்த அளவே வடிந்து இரத்தத்திற் கலத்தல் வேண்டும். இவ்வொழுங்கு குலையுமிடத்து மூளையினுள்ளேயுள்ள அறைகள் விரிகின்றன. ஆயினும், அளந்து பார்க்கையில் அமுக்கம் பெரும்பாலும் வழமையான எல்லைக்குள்ளேயே இருக்கும். அதனாற்றான் இதற்குச் 'சாதாரண அமுக்க நீர்த்தலை நோய்' எனப் பெயர் வந்தது. நடைத் தளர்ச்சி, சிந்தனை மந்தம், சிறுநீரை அடக்க இயலாமை ஆகிய மூன்றும் இதன் குறிகள். அவற்றுள் பெரும்பாலும் முந்தித் தோன்றுவது நடைத் தளர்ச்சியே.

கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில், 1957ஆம் ஆண்டு, மோட்டார் விபத்தில் தலையிற் காயமுற்ற 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சலமோன் ஹக்கீம் என்னும் வைத்தியர் சிகிச்சையளித்தார். மூளையறைகள் விரிந்திருந்தும் அமுக்கம் மிகவில்லை. சிறிதளவு பாய்பொருளை எடுத்ததும் உணர்விழந்து கிடந்த சிறுவன் தேறத் தொடங்கினான். அதன்பின் ஹக்கீம் ஆராய்ந்து கண்டவற்றை அமெரிக்க வைத்தியர்களுடன் சேர்ந்து 1965இல் வெளியிட, உலகம் இந்நோயை அறிந்தது.

இந்நோயாளரின் நடைக்குத் தனித்த சாயல் உண்டு. பாதங்கள் நிலத்தில் ஒட்டிக்கொண்டாற்போல மேலெழ மறுக்கும். அடிகள் குறுகும், கால்கள் அகன்று, பாதங்கள் வெளிப்புறம் திரும்பி நிற்கும். திரும்புவதற்குப் பல அடிகள் வேண்டும். பாக்கின்சன் நோயிலும் அடிகள் குறுகுமெனினும், அங்கே கைவீச்சுக் குன்றும். இங்கே அது பெரும்பாலும் குன்றாதிருக்கும்.

கண்ணாற் கண்டது மட்டும் போதாது; அளந்தும் பார்த்தல் வேண்டும். கதிரையிலிருந்து எழுந்து, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து மீண்டும் அமர எத்தனை செக்கன்கள் செல்கின்றன என்பது ஒரு சோதனை. 10 மீற்றர் தூரத்தை எத்தனை செக்கனில், எத்தனை அடியிற் கடக்கின்றார் என்பது மற்றொன்று. பின்னர் முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசியேற்றி 30 முதல் 50 மில்லிலீற்றர் வரை பாய்பொருளை எடுத்து, அச்சோதனைகளையே மறுபடியும் செய்வர். நடை விரைவுற்றால் சத்திரசிகிச்சை பயன் தருமென நம்ப இடமுண்டு. விரைவுறாவிடினும் அது முடிந்த முடிபன்று. சில நாட்கள் தொடர்ந்து வடியவிட்டு மீண்டும் சோதிப்பதும் உண்டு.

மாணவனின் முன்னேற்றத்தை அறிய விரும்பும் ஆசிரியன், முதன்முறை இலகுவான வினாத்தாளும் மறுமுறை கடினமான வினாத்தாளும் கொடுப்பானோ? இங்கும் அதே கதிரை, அதே தூரம், அதே பாதணி, அதே ஊன்றுகோல் இருத்தல் வேண்டும். நோயாளர் விழாதவாறு அருகில் ஒருவர் நிற்றலும் இன்றியமையாதது.

சிகிச்சையாவது, மூளையறையிலிருந்து வயிற்றறைக்கு வால்வு பொருத்திய மெல்லிய குழாயொன்றைத் தோலின் கீழாகச் செலுத்துதல். 2025இல் வெளியான ஆய்வொன்றில், 99 நோயாளருக்குக் குழாய் பொருத்தி, சிலரது வால்வை மட்டும் சில மாதங்கள் திறவாது வைத்தனர். திறந்த வால்வினரின் நடைவேகம் தெளிவாக மிகுந்தது. மற்றையோரிடம் மாற்றம் அற்பமே. எனினும் மூளையைச் சூழ இரத்தம் கசிதல் போன்ற ஆபத்துக்களும் உள; ஆதலின் வைத்தியர் ஆய்ந்தே முடிவு செய்வர்.

தளர்ந்த நடையெல்லாம் இந்நோயன்று. மூட்டுவாதமும் கண்பார்வைக் குறைவும் காரணமாகலாம். ஆயினும், பெற்றோரின் நடை மாறியது எப்போது, எவ்வாறு என்பதைக் குறித்துவைத்து வைத்தியரிடம் கூறுவது பிள்ளைகளின் கடமை. நமக்கு நடை பழக்கியவர்களின் நடையைச் சற்று நின்று கவனித்தல் நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறன்றோ?