குத்துக்கல்வலசையில டோனட் கடை போட்டா ஓடுமா? டங்கின் கதை சொல்லும் பதில்!

போன வாரம் பெங்களூருல இருந்து சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணே, ஐ.டி வேலை போதும்ணே. ஊருக்கே வந்துடலாம்னு இருக்கேன். நம்ம குத்துக்கல்வலசையில ஒரு டோனட் கடை போட்டா ஓடுமா?"

கையில ஏழு லட்சம் சேமிப்பு இருக்காம். தென்காசி தனி மாவட்டம் ஆயிடுச்சு, சீசனுக்குக் குற்றாலத்துல கூட்டம் அள்ளுது, இன்ஸ்டாவைத் திறந்தா டோனட் போட்டோதான். இதெல்லாம் அவனோட கணக்கு.

ஓடும்னு சொல்லி அவன் காசுல விளையாட மனசு வரலை. ஓடாதுன்னு சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை. ஆனா, இதே கேள்வியோட இந்தியாவுக்கு வந்த ஒரு பெரிய கம்பெனியோட கதை தெரியும். அதைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

ஃபேக்டரி வாசலில் ஆரம்பிச்ச வியாபாரம்

வில்லியம் ரோசன்பெர்க், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் ஃபேக்டரி வாசல்களுக்கு வண்டியில் சாப்பாடு கொண்டுபோய் விற்க ஆரம்பித்தார். சாண்ட்விச், காபி, பலகாரம்னு வண்டியில் எல்லாமே இருக்கும்.

ஒருநாள் கணக்குப் பார்த்தவருக்கு ஆச்சர்யம். மொத்த வியாபாரத்தில் சுமார் 40 சதவிகிதம் வெறும் காபியும் டோனட்டும்தான்! 'அப்ப மத்ததெல்லாம் எதுக்கு?'ன்னு, 1948-ல் குவின்ஸி நகரத்தில் 'ஓப்பன் கெட்டில்' என்ற கடையைத் திறந்தார். காபி 10 சென்ட், டோனட் 5 சென்ட். 1950-ல் அந்தக் கடைக்கு 'டங்கின் டோனட்ஸ்' என்று பெயர் மாறியது. 'டங்க்' என்றால் முக்குறது. நாம டீயில வர்க்கியை முக்குற மாதிரி, அவங்க காபியில டோனட்டை முக்குவாங்க. 1955-லிருந்து மற்றவர்களுக்கும் கிளை எடுத்து நடத்தும் உரிமையைக் கொடுக்க ஆரம்பித்தார்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. காலையில வேலைக்குப் போற தொழிலாளிக்கு அவசரமா, கையில பிடிச்சுத் திங்க ஏதாவது வேணும். அந்த நேரத்துக்கும் அந்தப் பசிக்கும் டோனட் சரியாப் பொருந்துச்சு.

ஜப்பானில் ஜெயிச்சது யார்?

ரோசன்பெர்க்கோடு தொழிலில் கூட்டாக இருந்த உறவினர் ஹாரி வினோகர். இருவரும் பிரிந்த பிறகு, 1956-ல் 'மிஸ்டர் டோனட்' என்ற போட்டிக் கடையை ஆரம்பித்தார் வினோகர். அமெரிக்காவில் டங்கின்தான் பெரியண்ணன். 1990-ல் மிஸ்டர் டோனட்டை டங்கினின் தாய் நிறுவனமே வாங்க, பெரும்பாலான கடைகளில் போர்டே மாறிப்போனது.

ஆனா ஜப்பானில் நடந்தது தலைகீழ். டங்கின் 1970-ல் அங்கே போனது. மிஸ்டர் டோனட் 1971-ல் போனது. 1998-ல் டங்கின் மூட்டை கட்டிவிட்டது. மிஸ்டர் டோனட்டுக்கோ இன்றைக்கும் அங்கே ஆயிரம் கடைகள் அளவுக்கு இருக்கின்றன. 2003-ல் அவர்கள் கொண்டுவந்த 'பான் டி ரிங்' டோனட், ஜப்பானியர்களுக்குப் பிடித்த மோச்சி மாதிரி இழுத்துக் கடிக்கும் பதத்தில் இருக்கும். ஊர் நாக்குக்கு ஏற்ப மாவையே மாத்திட்டாங்க!

இந்தியாவில் என்ன ஆச்சு?

இங்கே டோமினோஸ் பீட்சாவை நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ்தான் டங்கினையும் கொண்டுவந்தது. 2011-ல் ஒப்பந்தம், 2012-ல் டெல்லி கன்னாட் பிளேஸில் முதல் கடை. பீட்சாவை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவர்கள் என்பதால் எதிர்பார்ப்பு எகிறியது.

சிக்கல் எங்கே தெரியுமா? காலை நேரத்தில். அமெரிக்காவில் டோனட் காலைச் சாப்பாடு. நம்ம ஊர்ல காலையில வீட்டுல இட்லியோ, தோசையோ, பராத்தாவோ ரெடி. வெளியே சாப்பிடுறவங்களுக்கும் சூடா, காரமா வேணும். சர்க்கரை பூசின ரொட்டியைத் தின்னுட்டு யாரும் ஆபீஸ் போறதில்லை.

அதனால 'டங்கின் டோனட்ஸ் அண்ட் மோர்' என்று போர்டு மாறியது, பர்கர்கள் வந்தன. பர்கருக்கோ ஏற்கெனவே வேற பெரிய கடைகள் இருந்தன. நஷ்டம் கூடவே, 2018 வாக்கில் பல கடைகளை மூடி, மறுபடி டோனட், காபி பக்கமே திரும்பினார்கள். வேடிக்கை என்னன்னா, 2019-ல் அமெரிக்காவிலேயே பெயரிலிருந்து 'டோனட்ஸ்' போய், வெறும் 'டங்கின்' ஆனது. அங்கே விற்பனையில் பாதிக்கு மேல் காபி உள்ளிட்ட பானங்கள்தான்.

டோனட்டுக்கு இங்கே இடமே இல்லைன்னு அர்த்தமில்லை. சிங்கப்பூரில் பிறந்த 'மேட் ஓவர் டோனட்ஸ்' 2008-ல் இந்தியா வந்து, முட்டையில்லாத டோனட்டை நம்பி நிலைத்தது. 'கிரிஸ்பி க்ரீம்' 2013-ல் பெங்களூரில் கடை திறந்தது. மால், பிறந்தநாள், ஆபீஸ் ட்ரீட் என்று, இங்கே டோனட் ஸ்வீட் பாக்ஸின் இடத்தில்தான் போய் உட்கார்ந்தது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்

குத்துக்கல்வலசையில காலை ஆறு மணி டீக்கடையை நினைச்சுப் பாருங்க. ஓட்டை போட்ட பலகாரம் ஏற்கெனவே அங்க இருக்கு, உளுந்த வடை! நடுப்பகுதியும் சீரா வேகணும்கிறதுதான் ரெண்டு ஓட்டைக்கும் காரணம். மைதாவைப் பொரிச்சுச் சர்க்கரைப் பாகு பூசினது வேணுமா? பாதுஷா இருக்கு. செங்கோட்டை தாண்டினா கேரளத்து வெட்டு கேக் இருக்கு. சாரல் அடிக்கிற சாயங்காலத்தைச் சூடான பஜ்ஜி பிடிச்சுக்கிச்சு. ராத்திரி பார்டர் பரோட்டாவுக்கு எழுதி வெச்சது.

இன்னொரு விஷயம். ஈஸ்ட் போட்ட டோனட், அன்னைக்குப் போட்டு அன்னைக்கே விக்க வேண்டிய சரக்கு. பெரிய கம்பெனிகள் ஒரே சமையல்கூடத்தில் செஞ்சு, சுத்தியுள்ள பல கடைகளுக்கு அனுப்பும். ஒத்தைக் கடை போடுறவனுக்கு அந்த வசதி கிடையாது. மிஞ்சுனது அத்தனையும் அவன் தலையிலதான் விழும். சீசன் மாசங்களில் கூட்டம் சமாளிச்சுடும்; மீதி மாசங்களில் வாடகையை யார் கொடுக்கிறது?

தம்பிகிட்ட நான் சொன்னது இதுதான்: "கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காத. முதல்ல வீட்டுலயே முட்டையில்லாமப் போட்டு, பிறந்தநாள் ஆர்டர் மட்டும் எடு. ஆறு மாசம் பாரு. எந்த நேரத்துல, யாருக்கு இது வேணும்னு தெரிஞ்ச பிறகு இடம் தேடு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரிண்ணே, வேலையை இப்போதைக்கு விடலை"ன்னான்.

இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்தவன், காலையில ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து, யார் என்ன வாங்குறாங்கன்னு போன்ல குறிச்சிருக்கான். ரோசன்பெர்க் அன்னைக்கு வண்டியில பார்த்ததும் அதே கணக்குத்தான்!