நெல் வயலில் குளவி விட்டால் ஏரியில் இறால் தப்பும்

நடவு முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடுகிறதா? தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. உடனே மருந்துக் கடைக்குப் போகத்தான் தோன்றும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் பயிர் செய்பவர்கள் அதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். ஆரணி ஆற்றோரத்து வயல்களில் வடியும் தண்ணீர் கடைசியில் பழவேற்காடு ஏரிக்குத்தான் போகிறது. அங்கே இறாலையும் நண்டையும் நம்பித்தான் மீனவக் குப்பங்கள் பிழைக்கின்றன.

பூச்சியைப் போலவே இறாலும் நண்டும் கணுக்காலி இனம். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து இவற்றின் நரம்பையும் தாக்கும். சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவு தண்ணீரில் கலந்தாலே இறாலைக் கொல்லும். சம்பாவுக்கு மருந்து அடிக்கும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. அடித்த மருந்து வயலில் நிற்பதில்லை.

இதற்கு மாற்றாக உங்கள் வயலிலேயே ஒரு கூட்டம் வேலை செய்கிறது. அவைதான் ஒட்டுண்ணிக் குளவிகள்.

கொட்டாத குளவி

குளவி என்றதும் கொட்டுமே என்று பயப்பட வேண்டாம். எறும்பு, தேனீ, குளவி மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. விஞ்ஞானிகள் அதை ஹைமனாப்டிரா என்பார்கள். அந்த வரிசையில் பெரும் பகுதி, நம் கண்ணுக்கு எளிதில் படாத ஒட்டுண்ணிக் குளவிகள்தான். முட்டையிடும் ஊசி போன்ற உறுப்பைக் கொண்டு இவை வேறொரு பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ தன் முட்டையை வைக்கும். தேனீயிடம் அதே உறுப்புதான் கொடுக்காக மாறியிருக்கிறது.

பேனும் உண்ணியும்கூட ஒட்டுண்ணிகள்தாம். ஆனால் அவை ரத்தம் குடிக்குமே தவிர, மாட்டைப் பொதுவாகக் கொல்வதில்லை. ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு, தான் வளரும் பூச்சியைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் வெளியே வரும். விவசாயிக்கு வேண்டியதும் அதுதான். வளர்ந்த குளவி தேனும் மகரந்தமும் குடித்து வாழும்.

ஆளுக்கு ஒரு பாடு

பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு என்ற ஒழுங்கு உண்டு. யார், எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். குளவிகளுக்கும் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். எது எந்தப் பருவத்தைத் தாக்கும் என்று தெரிந்தால் போதும்.

முட்டையைத் தாக்குபவை: டிரைக்கோகிரம்மா. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இது புகுந்த அந்துப்பூச்சி முட்டை கறுத்துப்போகும். அதிலிருந்து புழு வராது. சுமார் 7 முதல் 10 நாளில் குளவிதான் வரும். டெலினோமஸ் என்ற இன்னொன்று, தண்டுத் துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியின் வால்முடியைப் பற்றிக்கொண்டே பயணம் போகும். தாய் முட்டையிட்டு அதை முடியால் மூடுவதற்குள் இது தன் முட்டையை வைத்துவிடும்.

புழுவைத் தாக்குபவை: பிரக்கான், கோனியோசஸ். தென்னைக் கருந்தலைப்புழுவைக் கோனியோசஸ் கொட்டி மயக்கி, அதன் உடல்மேல் முட்டையிடும். குஞ்சு வளரும்வரை தாய்க்குளவி பக்கத்திலேயே காவல் இருக்கும். இதைத் தோப்பில் விடும்போது மரத்தின் கொண்டையில் விடாதீர்கள். அங்கே சிலந்தியும் கொலைகாரப் பூச்சிகளும் பிடித்துத் தின்றுவிடும்.

வெள்ளை ஈயைத் தாக்குபவை: என்கார்சியா. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ பிறகு தென்னை வளரும் இடமெல்லாம் பரவியது. அதற்கு மருந்து அடிக்காமல் என்கார்சியாவைக் காப்பாற்றுவதே முக்கியப் பரிந்துரை. ஓலையின் அடியில் கறுத்த வெள்ளை ஈக் குஞ்சுகள் தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று பொருள்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி நுழைந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் அழித்தபோது எந்த மருந்தாலும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோபேகஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது.

நெல்லுக்கு எப்படி விடுவது?

தண்டுத் துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம்: நட்ட 30, 37-ம் நாட்களில் இரு முறை. இலைச்சுருட்டுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ்: 37, 44, 51-ம் நாட்களில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஹெக்டேருக்கு 5 சி.சி., அதாவது ஏக்கருக்கு 2 சி.சி. முட்டை அட்டை. ஒரு சி.சி.யில் சுமார் 20 ஆயிரம் முட்டைகள் இருக்கும்.

அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, வயல் முழுக்கப் பரவலாக இலையின் அடிப்பக்கம் கட்டுங்கள். காலையிலோ மாலையிலோ கட்டுவது நல்லது. எறும்பு ஏறாமலும் மழையில் நனையாமலும் பாருங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்து வெயிலில் எடுத்து வந்தால் குளவி வழியிலேயே செத்துவிடும். அட்டை கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்காவது பூச்சிமருந்து கூடாது.

அட்டை வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வயலில் பழுப்பு முடி மூடிய முட்டைக் குவியல்கள் பத்தை, இலையோடு பறித்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் விடை தெரியும். கறுப்புப் பொடி போல் குளவிகள் வந்தால் உங்கள் வயலில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. அந்தக் குளவிகளை வயலிலேயே விட்டுவிடுங்கள். புழுக்கள் மட்டுமே வந்தால் அவற்றை அழித்துவிட்டு, அட்டை கட்டும் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

எல்லையும் உண்டு

முட்டைக் குளவி, தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவை ஒன்றும் செய்யாது. எனவே நோய் முற்றிய பிறகு தேடாமல், முன்கூட்டியே சொல்லி வைத்து அட்டை வாங்க வேண்டும். சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது 10 சதவீதம் குருத்து காய்தல் என்ற அளவைத் தாண்டினால் மருந்து பற்றி வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். அந்த அளவுக்குக் கீழே இருக்கும்போது அடிக்கும் மருந்தில் முதலில் சாவது வெளியே பறக்கும் குளவிதான். தண்டுக்குள் இருக்கும் புழு பத்திரமாக இருக்கும். அப்படியும் அடிக்க நேர்ந்தால் மழை வரும் நாளைத் தவிர்த்து, மடையை அடைத்துவிட்டு அடியுங்கள்.

அட்டை கிடைக்கும் இடம், பருவம் பற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். விரிவாக்கப் பணியாளர்கள் தனி ஆளுக்குச் சொல்வதைவிட, ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் அனைவரையும் ஒரே நாளில் அட்டை கட்டவைத்தால் பலன் அதிகம். பக்கத்து வயலில் மருந்து அடித்தால் உங்கள் குளவியும் தப்பாது, கீழே ஏரியில் இறால் குஞ்சும் தப்பாது.