நட்சத்திரத்தைத் தேடித் தரும் தொலைநோக்கி

நீலசந்திரா என்ற பெயரைக் கேட்டால் நிலா நினைவுக்கு வரும். ஆனால் பெங்களூர்ப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் வரும் சந்திரா வேறு. சமுத்திரம் என்ற சொல் தேய்ந்து சந்திரா ஆனது என்பார்கள். சமுத்திரம் என்றால் இங்கே ஏரி. பொம்மசந்திரா, சிங்கசந்திரா எல்லாம் இப்படி வந்த பெயர்கள்தான்.

இன்று நீலசந்திராவில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. வானத்தைப் பார்க்க வேண்டுமானால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் தண்ணீர்த் தொட்டி, டி.வி. டிஷ், கேபிள் ஒயர், துணி காயப்போடும் கொடி. இவற்றுக்கு நடுவே ஒரு துண்டு வானம் தெரியும்.

அப்படி ஒரு மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டார் பணம் போட்டு, பிள்ளைகளுக்காக ஒரு தொலைநோக்கி வாங்குகிறார்கள். அது கணிப்பொறி வைத்த தொலைநோக்கி. பட்டனை அழுத்தினால் தானே திரும்பி, கேட்ட நட்சத்திரத்தைக் காட்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். விலை பல ஆயிரம் ரூபாய். தையல் வேலை செய்கிறவருக்கு அது சில மாதச் சம்பளம்.

முதல் நாள் இரவு எல்லோரும் மாடியில் கூடுகிறார்கள். பெரிய பையன் பட்டனை அழுத்துகிறான். தொலைநோக்கி உறுமிக்கொண்டே திரும்புகிறது. திரும்பி, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறது. மறுபடி அழுத்துகிறான். இப்போது தரையைப் பார்க்கிறது. "ஏமாத்திட்டாங்கடா" என்கிறார் தாத்தா. மறுநாள் அது பரணுக்குப் போகிறது. மூன்று வீட்டுப் பணமும் பரணில் தூசி படிந்து கிடக்கிறது.

பெரும்பாலும் கருவி கெட்டிருக்காது. அதற்குச் சொன்ன தகவல்தான் தப்பாக இருக்கும்.

தொலைநோக்கி புதிய பொருள் அல்ல. 1608இல் ஐரோப்பாவில் ஹாலந்து நாட்டில் அது வெளியே தெரிய வந்தது. மறு ஆண்டே இத்தாலியில் கலிலியோ என்ற அறிஞர் தானே ஒன்று செய்து வானத்தைப் பார்த்தார். 1610 ஜனவரி 7ஆம் நாள் வியாழன் கோளின் அருகே சிறு புள்ளிகளைக் கண்டார். அடுத்தடுத்த இரவுகளிலும் பார்த்தார். அவை வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்கள் என்று தெரிந்தது. கலிலியோவின் தொலைநோக்கியைவிட இன்று கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவி நன்றாகக் காட்டும்.

தொலைநோக்கியின் முதல் வேலை பெரிதாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேலை வெளிச்சத்தைச் சேர்ப்பது. மழை பெய்யும்போது டம்ளர் வைத்தால் கொஞ்சம் தண்ணீர் சேரும். அண்டா வைத்தால் நிறையச் சேரும். நம் கண்மணி ஒரு சின்ன டம்ளர். தொலைநோக்கியின் அடியில் உள்ள கண்ணாடி ஓர் அண்டா. ஐந்து அங்குல அகலக் கண்ணாடி, நம் கண்ணைவிட 300 மடங்குக்கு மேல் வெளிச்சத்தைச் சேர்க்கும்.

அப்படியானால் கணிப்பொறி எதற்கு?

பூமி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் வானம் நகர்வது போலத் தெரிகிறது. நிலா தன் அகல அளவு தூரத்தை இரண்டே நிமிடத்தில் நகர்ந்துவிடும். தொலைநோக்கியில் இந்த நகர்வும் பெரிதாகத் தெரியும். சனிக் கோளைக் கஷ்டப்பட்டுத் தேடிப் பிடித்து, "பாட்டி, வந்து பாருங்க" என்று கூப்பிடுவோம். பாட்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவதற்குள் சனி ஓடிப்போயிருக்கும். கணிப்பொறி வைத்த கருவியில் மோட்டார் உண்டு. அது வானத்தோடு சேர்ந்து மெல்ல நகரும். பாட்டி நிதானமாக வரலாம்.

இன்னொன்று, தேடும் வேலை. நகரத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படித் தேடுவது? கணிப்பொறியின் நினைவில் ஆயிரக்கணக்கான விண்பொருள்களின் இடங்கள் பதிந்திருக்கின்றன. அதற்கு வானத்தின் வரைபடம் மனப்பாடம். ஆனால் தான் எங்கே நிற்கிறோம், இப்போது மணி என்ன என்பது அதற்குத் தெரியாது. புது ஊருக்கு இரவில் வந்து இறங்கிய ஆள் மாதிரி. கையில் வரைபடம் இருக்கிறது. நிற்கிற தெரு எது என்று தெரியவில்லை. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் முக்காலியை நிறுத்த வேண்டும். மூன்று காலும் சமமாக நிற்பது முக்கியம். கொத்தனார் சுவர் கட்டும்போது வைத்துப் பார்க்கும் ரசமட்டம் உங்களுக்குத் தெரியும். அதை முக்காலியின் தலையில் வைத்துப் பாருங்கள். பல கருவிகளில் முக்காலியிலேயே சின்ன ரசமட்டம் இருக்கும். குமிழி நடுவில் நிற்க வேண்டும். மொட்டை மாடி ஒரு பக்கம் சரிந்திருக்கும். மழைத் தண்ணீர் வடிய அப்படித்தான் கட்டுவார்கள். ஆகவே காலின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு வேலையைப் பகலிலேயே முடித்துவிடலாம். பெரிய குழாயின் மேல் ஒரு சிறிய குறிபார்க்கும் கருவி இருக்கும். சிவப்புப் புள்ளி தெரியும். சூரியன் இல்லாத திசையில், தூரத்தில் உள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பெரிய குழாயில் பிடியுங்கள். பிறகு சிவப்புப் புள்ளியும் அதே உச்சியில் விழும்படி திருகைத் திருப்புங்கள். கோபுரம் தலைகீழாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கண்ணாடி வைத்த தொலைநோக்கியில் அப்படித்தான் தெரியும். வானத்தில் மேல் ஏது, கீழ் ஏது?

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்கக் கூடாது. தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்திருப்பீர்கள். அதே வெயில் கண்ணுக்குள் குவியும். நொடியில் பார்வை போகும். வலிக்கவும் வலிக்காது. கண்ணின் உள்திரைக்கு வலி தெரியாது. போன பார்வை திரும்பி வராமலே போகலாம். புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி எதுவும் காப்பாற்றாது. 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. பெங்களூரில் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. அது போன்ற நாளில் கிரகணத்தைப் பார்த்தால் தோஷம் என்று பிள்ளைகளை அறையில் அடைக்க வேண்டியதில்லை. அதற்கென்று செய்த சூரியக் கண்ணாடியைக் கண்ணில் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் தொலைநோக்கியில் பார்க்கக் கூடாது. பகலில் குழாய்க்கு மூடி போட்டே வைத்திருங்கள். விளையாடும் பிள்ளைக்குத் திசை தெரியாது.

சரி, இருட்டிவிட்டது. மின்கலம் போட்டாயிற்று. கையில் பிடிக்கும் பெட்டியில் எழுத்து ஓடுகிறது. ஆங்கில எழுத்துதான். மெதுவாகக் கூட்டிப் படித்தால் போதும். அது முதலில் ஊரைக் கேட்கும். பட்டியலில் பெங்களூர் இருந்தால் தேர்ந்தெடுக்கலாம். இல்லாவிட்டால் எண்ணைக் கொடுக்க வேண்டும். நீலசந்திரா ஏறத்தாழ வடக்கே 13 டிகிரி, கிழக்கே 77.6 டிகிரி. செல்போனில் இந்த எண் கிடைக்கும். கிழக்கு என்பதற்குப் பதில் மேற்கு என்று கொடுத்தால் கருவி தன்னை அமெரிக்கப் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும்.

அடுத்து தேதி. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நாம் நாளை முதலில் எழுதுவோம், மாதத்தைப் பிறகு எழுதுவோம். பல கருவிகள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் கேட்கும். மார்ச் 5 என்று நினைத்து 05, 03 என்று அழுத்தினால் அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும். நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. இரண்டு மாதம் தப்பினால் நான்கு மணி நேரம் தப்பும். கருவி சுவரைப் பார்க்காமல் என்ன செய்யும்?

நேரமும் அப்படித்தான். இரவு ஏழரைக்கு 19.30 என்று கொடுக்க வேண்டும். 7.30 என்று கொடுத்தால் காலை ஏழரை ஆகிவிடும். அப்போது எந்த நட்சத்திரம் எங்கே இருந்ததோ அங்கே திரும்பும். அது பூமிக்கு அடியிலும் இருக்கலாம். தாத்தா பார்த்த அன்று தரையைப் பார்த்தது இதனால்தான். கோடைக்கால நேரமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்கள். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை. நேர மண்டலம் கூட்டல் 5.30.

இந்தியா முழுவதற்கும் கடிகாரம் ஒன்றுதான். அது கிழக்கே 82.5 டிகிரிக் கோட்டை வைத்து ஓடுகிறது. பெங்களூர் அதற்கு மேற்கே ஐந்து டிகிரி தள்ளி இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வர ஏறத்தாழ 20 நிமிடம் தாமதம் ஆகும். ஊரையும் நேரத்தையும் சேர்த்துக் கேட்பதற்கு இதுவே காரணம்.

இப்போது முக்கியமான கட்டம். இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களைக் காட்டச் சொல்லிக் கருவி கேட்கும். அவற்றின் பெயரையும் சொல்ல வேண்டும். பெட்டியில் ஆல்டிபரான், ரெகுலஸ், ஸ்பைகா என்று பெயர்கள் ஓடும். பையன் முழிப்பான். பாட்டியைக் கேட்கலாம் என்றால் சிரிப்பான். ஆனால் பாட்டிக்கு இந்த நட்சத்திரங்கள் எல்லாம் பழக்கம்தான். வேறு பெயரில் பழக்கம்.

ஆல்டிபரான் என்பது ரோகிணி. பெட்டல்ஜூஸ் என்பது திருவாதிரை. ரெகுலஸ் மகம். ஸ்பைகா சித்திரை. ஆர்க்டரஸ் சுவாதி. அண்டாரஸ் கேட்டை. ஆல்டேர் திருவோணம். பஞ்சாங்கத்தில் தினமும் படிக்கிற பெயர்கள் இவை. வீட்டில் யாருக்காவது ஜென்ம நட்சத்திரம் சித்திரையாக இருந்தால், அந்த நட்சத்திரத்தையே கருவிக்கு அடையாளம் காட்டலாம்.

தை, மாசி மாத இரவில் ரோகிணியும் திருவாதிரையும் உயரத்தில் தெரியும். சித்திரை, வைகாசியில் மகம், சித்திரை, சுவாதி மூன்றும் தெரியும். இரண்டு நட்சத்திரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. தள்ளி இருக்க வேண்டும். மினுமினுக்காமல் நிலையாக எரிவது கோளாக இருக்கும். அதை நட்சத்திரம் என்று காட்டிவிடாதீர்கள்.

முதல் நட்சத்திரத்துக்கு அம்புக்குறிப் பட்டனால் குழாயைத் திருப்ப வேண்டும். முதலில் சிவப்புப் புள்ளியில் பிடியுங்கள். பிறகு கண்வில்லையில் சரியாக நடுவில் கொண்டுவாருங்கள். "சுமாரா இருக்கு, போதும்" என்று விடாதீர்கள். இங்கே சுமார் என்றால் கடைசி வரை சுமார்தான். இரண்டாவதையும் அப்படியே செய்த பிறகு, சரி என்று பெட்டியில் எழுத்து வரும். இனி நிலா என்று அழுத்தினால் நிலாவுக்கும், சனி என்று அழுத்தினால் சனிக்கும் போகும். அதற்குப் பிறகு யாரும் முக்காலியில் இடிக்கக் கூடாது. இடித்தால் எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்ய வேண்டும். குழந்தைக்கு எட்டாவிட்டால் ஸ்டூல் போடுங்கள். குழாயைப் பிடித்துத் தொங்க விடாதீர்கள்.

எதை முதலில் பார்ப்பது? நிலாவைத்தான். பௌர்ணமியில் பார்க்காதீர்கள். கண் கூசும், பள்ளம் மேடு தெரியாது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் பாருங்கள். அன்று நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் நிழல் நீளமாக விழும். வட்ட வட்டமான பள்ளங்கள் துல்லியமாகத் தெரியும். பிறகு வியாழனும் அதன் நான்கு நிலாக்களும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் வெறும் கண்ணுக்கு ஆறு போலத் தெரியும். குறைவாகப் பெரிதாக்கும் கண்வில்லையில் பல பத்து நட்சத்திரங்கள் தெரியும். புத்தகப் படத்தில் வருவது போல வண்ண வண்ண மேகங்களை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அவை நெடுநேரம் எடுத்த புகைப்படங்கள். கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகை போலத்தான் தெரியும். அன்று கரண்ட் போனால் திட்ட வேண்டாம். தெருவிளக்கு அணைந்ததும் வானம் கொஞ்சம் நன்றாகத் தெரியும்.

நகரத்தை விட்டு மலைக்குப் போய் அறிவியலாளர்கள் தொலைநோக்கி வைப்பதும் இந்த வெளிச்சத்துக்குப் பயந்துதான். நீலசந்திராவுக்கு அருகே கோரமங்களாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. அதன் பெரிய தொலைநோக்கி ஒன்று தமிழ்நாட்டில், ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ளது. அதன் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். ஓர் ஆள் கை இரண்டையும் விரித்தாலும் அதைவிடச் சிறிதாகவே இருப்பார். அது நம் நாட்டிலேயே செய்தது. அதற்காக உழைத்த வைணு பாப்பு 1982இல் இறந்துவிட்டார். 1986இல் அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். காவலூரில் வேறொரு தொலைநோக்கியால் 1988இல் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. கணித மேதை இராமானுஜன் பெயர் அதற்கு.

சொந்தமாக வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு கோளரங்கம் 1989இல் தொடங்கியது. டி. சௌடையா சாலையில் இருக்கிறது. முதலில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, ஆசை நிலைத்தால் பிறகு வாங்கலாம்.

பார்த்து முடித்ததும் மூடியைப் போடுங்கள். கண்ணாடியைச் சேலை முந்தானையால் துடைக்காதீர்கள், கீறல் விழும். பல நாள் எடுக்கப் போவதில்லை என்றால் மின்கலங்களைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே துரு பிடிக்கும்.

சனியின் வளையத்தைப் பற்றிப் பலர் ஆசையோடு கேட்பார்கள். அது எப்போதும் ஒரே மாதிரி தெரிவதில்லை. சனி சூரியனைச் சுற்றிவர 29 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதில் இரண்டு முறை வளையம் விளிம்பைக் காட்டி நிற்கும். அப்போது தட்டைப் பக்கவாட்டில் பார்ப்பது போல, கோடாகத்தான் தெரியும். 2025 மார்ச்சில் அப்படி நின்றது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக விரியும். 2032 வாக்கில் நன்றாக அகன்று தெரியும்.