மாணவரே ஆசிரியர்

ஆசிரியர் கற்பிப்பார், மாணவர் கற்பர். இதுவே நாம் அறிந்த முறை. ஆனால், மாணவரே கற்பித்து, தம் கல்வியின் நிறைகுறைகளைத் தாமே ஆராய்ந்து, அதை நூலாகவும் எழுதினால்? அப்படி நடந்த பள்ளி ஒன்று உண்டு.

இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ் நகருக்கு அப்பால் மலைமீது உள்ளது பார்பியானா. 1954 டிசம்பரில் லொரென்ஸோ மிலானி என்னும் குருவானவர் அங்கு அனுப்பப்பட்டார். கோயிலைச் சுற்றிலும் சிதறிக் கிடந்தன ஏழை உழவர்களின் வீடுகள். நல்ல சாலை இல்லை, மின்விளக்கு இல்லை. பரீட்சையில் தோற்று, படிப்பு வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் வயலுக்கும் மந்தைக்கும் போய்க்கொண்டிருந்தனர். அவர்களைக் கூட்டிக் கோயில் வீட்டிலேயே பள்ளி தொடங்கினார் குருவானவர். காலை முதல் மாலை வரை பாடம். விடுமுறை நாளே கிடையாது.

பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். நேற்றுப் பூகோளம் கற்றவன் இன்று பூகோள ஆசிரியன்! தெரியாத கேள்வி வந்தால் அவன் வெட்கப்படவில்லை. இருவருமாகப் புத்தகத்தைப் புரட்டி விடை தேடினர். பிறருக்கு விளக்கப் புகும்போதுதான் நமக்கு எது விளங்கவில்லை என்பது நமக்கே தெரிகிறது அல்லவா?

இப்பள்ளியின் மாணவர் சிலர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, பரீட்சையில் தோற்றனர். அவர்கள் அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. ஏன் தோற்றோம் என்று ஆராயத் தொடங்கினர். பள்ளிப் பதிவேடுகளையும் அரசின் புள்ளிவிவரங்களையும் திரட்டினர். தோற்றவர் எத்தனை பேர், இடையில் நின்றவர் எத்தனை பேர், அவர்களுடைய தந்தையரின் தொழில் என்ன என்று கணக்கிட்டு, அட்டவணைகள் வரைந்தனர். தோற்றவருள் பெரும்பாலோர் ஏழை உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் என்பது தெளிவாயிற்று. பிள்ளைக்கு அறிவு இல்லையா, அல்லது பள்ளிக்குப் பொறுமை இல்லையா? இக்கேள்வியை ஓர் ஆசிரியைக்கு எழுதும் கடிதமாக எட்டு மாணவர்கள் எழுதினர். அந்நூல் 1967-இல் வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், நோயுற்றிருந்த குருவானவர் தமது 44-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நூலை எழுதுவது எப்படி? ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய கருத்துகளைத் துண்டுத் தாள்களில் எழுதினர். ஒரு தாளுக்கு ஒரு கருத்து. எல்லாத் தாள்களையும் மேசைமேல் பரப்பி, ஒன்றுபோல் உள்ளவற்றை நீக்கி, ஒத்தவற்றை அடுக்கினர். ஒவ்வோர் அடுக்கும் ஓர் அதிகாரம் ஆயிற்று. பிறகு வீண் சொல், கடின நடை, நீண்ட வாக்கியம், உண்மையல்லாத கூற்று இவற்றைத் தேடித் தேடி வெட்டினர். கடைசியில், அதிகம் படிக்காதவர்களை அழைத்து வாசித்துக் காட்டினர். அவர்களுக்கு விளங்காத இடம் திருத்தப்பட்டது. யாருடைய பெருமைக்காகவும் அன்றி, உண்மைக்காக எழுதும் முறை இது.

தோழியரே, நம் மனத்தைத் தைக்கும் செய்தி ஒன்றும் அந்நூலில் உண்டு. கீழே உள்ள ஊரிலிருந்து பையன்கள் பலர் மலையேறி வந்தனர். ஆனால் பெண்பிள்ளை ஒருத்தியும் வரவில்லை. பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்ற பெற்றோரின் எண்ணமும் தடையாக இருந்திருக்கலாம் என்று அம்மாணவர்கள் எழுதினர். வகுப்பில் வராதவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதும் ஆராய்ச்சியே.

இம்முறையால் ஆசிரியரின் வேலை குறைந்துவிடாது. உண்மையில் கூடும். மிலானி அடிகள் நாள் முழுதும் பிள்ளைகளுடனேயே இருந்தார், கேள்வி கேட்டார், தவறான கணக்கை ஏற்க மறுத்தார். பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருந்த ஆங்கிலச் சொற்கள் இரண்டே: 'ஐ கேர்'. 'எனக்கு அக்கறை உண்டு' என்பது பொருள்.

2017 ஜூன் 20-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அம்மலைக்குச் சென்று அவர் கல்லறையருகே செபித்தார். நாமோ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த பெஞ்சில் கணக்குப் புரியாமல் விழிக்கும் தோழியிடம், 'வா, சேர்ந்து பார்ப்போம்' என்று சொன்னால் போதும். பார்பியானா நம் வகுப்பிலேயே தொடங்கிவிடும்.