கப்பல் ஏறினவரைத் தேட முடியுமா? - டி.என்.ஏ.வும் கம்ப்யூட்டரும்



ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிற நமக்குக் கப்பல் ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் அந்தக் கப்பல்களில் சரக்கு மாதிரியே ஒரு காலத்தில் மனிதர்களையும் ஏற்றினார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு கிளம்பியது. அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய், நடுக்கடலில் நின்ற கப்பலில் விட்டார்கள். நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டக் கூலி வேலைக்கு இப்படி 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள்தான்.

வெள்ளைக்காரன் கூலி கொடுப்பதில் கஞ்சன். கணக்கு எழுதுவதில் கஞ்சனில்லை! ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு உட்பட எல்லாம் எழுதி வைத்தான். அந்தப் பட்டியல்களை இன்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இருக்கிறது. அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் தாத்தாவின் நம்பரை வைத்துக்கொண்டு இங்கே கிராமத்தைத் தேடி வருகிறார்கள்.

சரி, பட்டியலில் பெயர் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? இங்கேதான் டி.என்.ஏ. வருகிறது.

எச்சிலைச் சின்னக் குழாயில் துப்பி அனுப்பினால் போதும். அதில் மூன்று வகையாகப் பார்க்கலாம். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து வரும். இந்த இரண்டும் ரொம்பப் பழைய கதையைச் சொல்லும். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் குழுவினர், மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிமாணிக்கம் கிராமத்து மனிதர் ஒருவரிடம் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளத்தைக் கண்டார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிற அடையாளம் அது! பல்லாயிரம் வருடங்களுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து வந்த கூட்டத்தின் தடம் என்கிறார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தாத்தாவின் அப்பா எந்த ஊர் என்று அது சொல்லாது.

சொந்தக்காரனைக் கண்டுபிடிக்க உதவுவது மூன்றாவது வகை. மீதி குரோமோசோம்கள் அப்பா பாதி, அம்மா பாதியாக வருகின்றன. ஒரு தாத்தா அல்லது பாட்டியின் பங்கு சராசரி 25 சதவீதம், அவர்களுடைய அப்பா அல்லது அம்மாவின் பங்கு 12.5 சதவீதம். இரண்டு பேருடைய டி.என்.ஏ.வில் எவ்வளவு நீளம் ஒன்றாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து உறவைக் கணிக்கும். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்குள் சுமார் 12.5 சதவீதம் பொருந்தும். ஐந்து தலைமுறைக்கு முன்னால்தான் ஒரே மூதாதையர் என்றால், அப்படிப்பட்டவர்களில் பாதிப் பேருக்குப் பொருத்தமே தென்படாமல் போகலாம்.

என் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்க ஆயாவோட பெரியப்பா மலேயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினவர். கங்காணி முறையில் ஆள் கொண்டுபோவதை 1938-ல் அரசாங்கம் தடுத்தது. அதற்கு முன்னால் போனவர் அவர். திரும்பி வரவே இல்லை. கடுதாசி வந்திருந்தாலும் படிக்க அப்போது வீட்டில் ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல். அவருக்குப் பேரன் பேத்திகள் இருந்து, அவர்களில் யாராவது டெஸ்ட் எடுத்திருந்தால், ஆயாவோடு சுமார் 6 சதவீதம் பொருந்தும். எங்கப்பாவோடு 3. என்னோடு ஒன்றரை. கணக்குப் புரிகிறதா? வீட்டிலேயே வயதானவரைத்தான் டெஸ்ட் பண்ணணும். எங்க ஆயாவுக்கு வயசு 78. டெஸ்ட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். கண்டெய்னர் லாரி ஓட்டுற வீட்டில் அது சும்மா தூக்கிக் கொடுக்கிற காசு இல்லை.

இதில் நமக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. தாய்மாமனைக் கட்டுவது, அத்தை பையனைக் கட்டுவது நம்ம பக்கம் சகஜம். ஒரே மூதாதையர் இரண்டு வழியில் வந்துவிடுவதால் பொருத்தம் கூடுதலாகத் தெரியும். வெளிநாட்டுக் கம்பெனி அட்டவணை தூரத்துச் சொந்தத்தைக் கிட்டத்துச் சொந்தம் என்று காட்டிவிடும். அப்படியே நம்பக் கூடாது.

இன்னொன்று. 23அண்ட்மீ என்ற அமெரிக்கக் கம்பெனியில் 2023-ல் சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம், டி.என்.ஏ.வை மாற்ற முடியுமா? அதுவும் என்னோடது மட்டும் இல்லையே, தம்பி தங்கச்சியோடதும் பாதி அதில் இருக்கிறது. ஆயாவிடம் விளக்கிச் சொன்னேன். "எச்சிலைக் குடுக்கறதுக்கு இன்னாடா இவ்ளோ பேச்சு" என்றார். அவர் சம்மதம், வீட்டில் மற்றவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

காசே இல்லாமல் இன்றைக்கே ஆரம்பிக்கிற வேலையும் இருக்கிறது. 'கிராம்ப்ஸ்' என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். தமிழிலேயே பெயர் அடிக்கலாம். 'ஜெட்காம்' என்ற ஃபைலாகச் சேமித்தால் வேறு எந்த வம்ச மென்பொருளிலும் திறக்கும். 1984-லிருந்து இருக்கிற முறை அது. ஆனால் திறந்தவுடனே 'குடும்பப் பெயர்' கேட்கும். நமக்கு ஏது? அப்பா பெயர் இனிஷியலாக வருகிறது, அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தே மாறிவிடுகிறது. அதோடு தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் வேறு. எங்கள் குடும்பத்தில் முனுசாமி மட்டும் நாலு பேர்! அதனால் பெயரோடு ஊர், தொழில், பட்டப்பெயர் எல்லாம் குறித்தே ஆக வேண்டும். செல்போனில் ஆயா பேச்சைப் பதிவு செய்து இதுவரை 43 பேரை ஏற்றியிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு ஒரு செய்தி. பெயர்களை ஒலியை வைத்துத் தேட 'சவுண்டெக்ஸ்' என்று ஒரு முறை உண்டு. 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு எண் கொடுப்பார்கள். நட்டால் பட்டியலில் குமாஸ்தா முனுசாமியை 'மூன்சாமி' என்று எழுதியிருந்தாலும், இங்கிலீஷில் இரண்டுக்கும் எம்-525 என்றே வரும். பிரமாதம்! ஆனால் கோவிந்தனை ஒருவர் 'ஜி' போட்டும் ஒருவர் 'கே' போட்டும் எழுதினால் ஜி-153, கே-153 என்று பிரிந்துவிடும். நமக்கு இரண்டுமே 'க'தானே. ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே தொல்லை. இந்த ஐந்து எழுத்தையும் சரியாகப் பிடிக்கிற ஒரு புரோகிராமை எழுத ஆரம்பித்திருக்கிறேன். 'க' முடிந்துவிட்டது, 'ச' படுத்துகிறது. கூடச் சேர்ந்து எழுத விருப்பம் உள்ளவர்கள் மாலை லேப் முடிந்ததும் இரண்டாமாண்டு வகுப்பில் என்னைப் பார்க்கலாம்.