கப்பலுக்கு முதல் மரியாதை... படகுக்குக் கடைசிப் பந்தி!

சமையலறை ஜன்னலில் பூந்தொட்டி. குழந்தைகள் விளையாட, சுற்றிலும் வேலி போட்ட சின்ன இடம். ஓரத்தில் ஒரு கார். பார்த்தால் சாதாரண வீடுதான். ஆனால், இந்த வீட்டுக்கு முன்னால் வரிசை வரிசையாகக் கன்டெய்னர்கள். வீடே தண்ணீரில் நகர்ந்துகொண்டிருக்கிறது!

ஐரோப்பாவின் ரைன் நதியில் ஓடும் சரக்குப் படகுகளில் இப்படியும் ஒரு வாழ்க்கை உண்டு. நெதர்லாந்தில் பல படகுகள் குடும்பச் சொத்து. கணவனும் மனைவியும் மாறி மாறிச் சுக்கான் பிடிப்பார்கள். பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதானதும், படகுக் குடும்பங்களுக்கென்றே கரையில் இருக்கும் விடுதிகளில் தங்கிப் படிக்கப் போய்விடுவார்கள். வார இறுதியில் அவர்களை அழைத்துவரத்தான் அந்தக் கார். படகிலேயே இருக்கும் சின்ன கிரேன் அதைக் கரையில் இறக்கிவிடும்.

இந்தக் குடும்பங்களின் பெரிய தலைவலி, ஆறு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது. அதுதான் ரோட்டர்டாம், ஐரோப்பாவின் மிகப்பெரிய துறைமுகம்.

நூறு லாரி, ஒரு படகு

சுவிட்சர்லாந்து மலைகளில் பிறக்கும் ரைன், ஜெர்மனியின் தொழில் நகரங்களைத் தொட்டுக்கொண்டு நெதர்லாந்து வழியாகக் கடலில் கலக்கிறது. 1868-ல் கையெழுத்தான மான்ஹைம் ஒப்பந்தத்தின்படி, இந்த நதியில் கப்பல் ஓட்டச் சுங்கவரி கிடையாது. சாலையில் டோல்கேட் பார்த்துப் பழகிய நமக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்!

110 மீட்டர் நீளமுள்ள ஒரு படகில் சுமார் இருநூறு 20 அடி கன்டெய்னர்களை ஏற்றலாம். ஒரு லாரியில் இரண்டுதான் போகும். அதாவது, ஒரு படகு வந்தால் சாலையில் 100 லாரிகள் குறையும். டீசலும் மிச்சம், புகையும் மிச்சம். அதனால்தான் ரோட்டர்டாம் தன் புதிய துறைமுகப் பகுதியில் ஓர் இலக்கு வைத்தது. அங்கிருந்து உள்நாட்டுக்குப் போகும் கன்டெய்னர்களில் 45 சதவிகிதம், 2035-க்குள் படகில் போக வேண்டும்.

எல்லாம் சரி, படகு துறைமுகத்துக்கு வந்ததும் என்ன நடக்கிறது?

பந்தியில் இடம் இல்லை

கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரை முதலில் உட்கார வைப்போம் இல்லையா? துறைமுகத்தில் அந்த மரியாதை கடல் கப்பலுக்கு. 400 மீட்டர் நீளம், 20,000-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் என்று வந்து நிற்கும் கப்பல் தாமதமானால் பெரும் நஷ்டம். டெர்மினலுக்குப் பணம் கொடுப்பதும் கப்பல் நிறுவனம்தான்.

படகுக்காரருக்கும் டெர்மினலுக்கும் இடையே பெரும்பாலும் நேரடி ஒப்பந்தமே கிடையாது. ஆனால், இரண்டுக்கும் அதே கரை, அதே ராட்சத கிரேன். கப்பல் தாமதமாக வந்தால், படகுக்குச் சொன்ன நேரம் பறிபோகும். ஏன் என்று கேட்டு இழப்பீடு வாங்க, படகுக்காரர் கையில் ஒரு காகிதமும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு படகின் சரக்கெல்லாம் ஒரே கப்பலுக்குப் போவதில்லை. இங்கே பத்து, அங்கே பதினைந்து என்று, சுமார் 40 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் துறைமுகத்தில் பல டெர்மினல்களுக்கு ஏறி இறங்க வேண்டும். காலையில் முதல் இடத்தில் மூன்று மணி நேரம் தாமதமானால், அடுத்த இடத்தில் முறை போய்விடும். அதற்கடுத்த இடத்திலும் போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளுடன் கிளம்பலாம் என்று போட்ட திட்டமும் அதோடு போய்விடும்.

2017-ல் நடந்தது

2017 ஏப்ரலில் உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் புதிய கூட்டணிகளாக அணி மாறின. கப்பல் பாதைகளும் கால அட்டவணைகளும் மாறின. பெரிய கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. ஜூனில் ஒரு கம்ப்யூட்டர் வைரஸ் தாக்குதலால் சில டெர்மினல்கள் முடங்கின. ரோட்டர்டாமிலும் பக்கத்து நாடான பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப்பிலும் படகுகள் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் காத்திருந்தன.

படகு நிறுவனங்கள் 'நெரிசல் கட்டணம்' என்று தனியாக வசூலிக்கத் தொடங்கின. அதைக் கொடுத்தவர்கள் சரக்கின் சொந்தக்காரர்கள். சிலர் பொறுமை இழந்து மறுபடியும் லாரிக்கே திரும்பினார்கள்.

வழி என்ன?

வழி இல்லாமல் இல்லை. அன்ட்வெர்ப்பில், பெரிய டெர்மினல்களுக்கு வரும் படகு குறைந்தபட்சம் இத்தனை கன்டெய்னர்களைக் கையாள வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. சில்லறைச் சரக்கை முன்கூட்டியே ஓரிடத்தில் சேர்த்து, ஒரே நடையாகக் கொண்டுவரச் செய்வதுதான் நோக்கம். ரோட்டர்டாமில் 'நெக்ஸ்ட்லாஜிக்' என்ற பொதுத் திட்டமிடல் முறை வந்தது. படகுகளும் டெர்மினல்களும் தகவலைக் கொடுத்தால், அது எல்லோருக்குமாகச் சேர்த்து நேரம் ஒதுக்கும். சில இடங்களில் படகுகளுக்கென்றே தனிக் கரையும் சின்ன கிரேனும் இருக்கின்றன.

இது நமக்கும் தேவையான பாடம். 2016-ல் நம் நாட்டில் 111 தேசிய நீர்வழிகள் சட்டத்தில் இடம்பெற்றன. 2018 நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து கங்கை வழியாக 16 கன்டெய்னர்கள் வாரணாசி போய்ச் சேர்ந்தன. ஆற்றைத் தூர்வாருகிறோம், படித்துறை கட்டுகிறோம். நல்லதுதான். கூடவே, படகு போய்ச் சேரும் துறைமுகத்தில் அதற்கென்று ஒரு கரை, ஒரு கிரேன், எழுத்தில் ஒரு ஒப்பந்தம் இவற்றையும் இப்போதே யோசித்து வைத்தால் நல்லது.

இல்லாவிட்டால், ஆறு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், படகு பந்தி முடியும்வரை வாசலில்தான் நிற்கும்!